கவுன்சிலிங்ல சென்னை போஸ்டிங்க காசு குடுத்து வாங்க முடியுமா?

கேள்வி: குரூப் 4 கவுன்சிலிங்குக்கு கூப்பிட்டிருக்காங்க சார். நான் எம்பிசி, தமிழ் மீடியம் கோட்டாவும் கேட்டிருக்கேன். ரெண்டு பசங்க இங்க ஸ்கூல் படிக்கறதால சென்னையத் தவிர வேற ஊரு முடியாது. ஜெராக்ஸ் கடைல பழக்கமான ஒருத்தர் 3 லட்சம் குடுத்தா சென்னை போஸ்டிங் லாக் பண்ணித் தரேன், இல்லன்னா கார்ப்பரேஷன்ல டெம்பரரியா உள்ள வச்சு அப்புறம் பர்மனென்ட் பண்ணித் தரேன்ங்கறார். 20,000 ஜிபே பண்ணிட்டேன், மீதிய குடுக்கலாமா? அப்புறம் கம்யூனிட்டி சர்டிபிகேட் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேர் போட்டு எடுத்தது தான் இருக்கு, அது போதும்ல? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: மீதிய குடுக்காதீங்க. அது ஒரு வரி பதில். ஆனா நீங்க போற போக்குல கடைசியா கேட்டீங்களே கம்யூனிட்டி சர்டிபிகேட், உங்க வேலைக்கு உலை வைக்கப் போறது அது தான், அந்தாள் இல்ல. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல கவுன்சிலிங் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்கம்மா, தெரிஞ்சா இந்த மாதிரி ஆளுங்க பேச்சு எடுபடாது. பிராட்வே பக்கம் டிஎன்பிஎஸ்சி ஆபீஸ்ல ரேங்க் வரிசைப்படி உள்ள கூப்பிடுவாங்க, எந்தத் துறைல எந்த யூனிட்ல எந்த கேட்டகரிக்கு எத்தனை இடம் மிச்சம் இருக்குன்னு ஸ்கிரீன்ல ஓடும், உங்களுக்கு முன்னாடி இருக்கறவங்க எடுத்தது போக மீதி இருக்கறதுல நீங்க கை காட்டறது தான் உங்க இடம், அன்னிக்கு சாயங்காலம் மீதி எத்தனைன்னு வெப்சைட்லயும் போட்டுருவாங்க. இதுல எந்த இடத்துல அவன் போய் லாக் பண்ணுவான்? பூட்டும் இல்ல, சாவியும் இல்ல.

அவன் யாவாரம் எப்படின்னா, ரேங்க் லிஸ்ட் நெட்ல இருக்கு, அத வச்சு கிடைக்க வாய்ப்பு இருக்கற ஆளுங்களா பாத்து பத்து பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்குவான், அதுல நாலு பேருக்கு அவங்க சொந்த ரேங்க்லயே சென்னை கிடைச்சிடும், அவங்க காலத்துக்கும் இவன் தான் வாங்கிக் குடுத்தான்னு நாலு பேருக்கு சொல்லிட்டு திரிவாங்க, மீதி ஆறு பேருக்கு பாதிய திருப்பிக் குடுத்துட்டு "மேல ஆள் மாறிட்டாங்கம்மா"ன்னுடுவான். வயித்துல ஆம்பளப் புள்ளன்னு எல்லாருக்கும் சொல்லி காசு வாங்கற ஜோசியக்காரன் கதை தான்.

உடனே 2019 குரூப் 4ல முறைகேடு நடக்கலயான்னு கேப்பீங்க. நடந்துச்சு. ராமேஸ்வரம், கீழக்கரை சென்டர்ல அழியற இங்க் பேனாவ வச்சு விடைத்தாள்ல விளையாடினாங்க. அது விடைத்தாள் கட்டத்துல நடந்தது, கவுன்சிலிங்ல இல்ல. சிபிசிஐடி தூக்கினப்போ முடிவு என்னாச்சு, 99 பேர் இனிமே எந்த டிஎன்பிஎஸ்சி பரீட்சையும் எழுதக்கூடாதுன்னு ஆயுசுக்கும் தடை. காசு குடுத்தவங்க தான் அந்த 99 பேர்ங்கறத மறக்காதீங்க. 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்த வேற திருத்திட்டாங்க, லஞ்சம் குடுக்கறதும் குத்தம், ஆபீசருக்கு குடுக்கச் சொல்லி நடுவுல ஒருத்தன் கைல குடுத்தாலும் குத்தம். கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா 7 நாளுக்குள்ள போலீஸ்ல சொல்லிட்டா மட்டும் தான் தப்பிக்க வழி.

கார்ப்பரேஷன் டெம்பரரி கதை இத விட மோசம். ரிப்பன் பில்டிங் படம், கோபுர முத்திரை, பச்சை இங்க் கையெழுத்துன்னு ஆர்டர் ஜோரா இருக்கும், அதுல விளம்பர நம்பர் என்ன, எந்த தேதி விளம்பரம்னு ஒரு கேள்வி கேளுங்க, பேச்சு மாறும். ஹெல்த் சைடுல கார்ப்பரேஷன் அப்பப்போ ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கறது உண்மை தான், ஆனா விளம்பரம் போட்டு தான் எடுப்பாங்க, நிரந்தரம் கேக்க உரிமை இல்லன்னு அதுலயே போட்டிருக்கும். உமாதேவி கேஸ்னு சுப்ரீம் கோர்ட் 2006லயே சொல்லிடுச்சு, முறையா தேர்வு வைக்காம உள்ள வந்தவங்க வருஷக்கணக்கா வேலை பாத்தாங்கங்கறதுக்காக பர்மனென்ட் கேக்க முடியாதுன்னு. ரேங்க் எடுத்து கவுன்சிலிங் வாசல் வரைக்கும் வந்துட்டு, காண்ட்ராக்டர் கீழ டேட்டா என்ட்ரிக்கு போறதுக்கு காசு குடுப்பாங்களா யாராச்சும்?

சரி, சர்டிபிகேட்டுக்கு வருவோம். கல்யாணமான பொண்ணுங்களுக்கு கம்யூனிட்டி சர்டிபிகேட் அப்பா பேர் போட்டு இருக்கணும். வீட்டுக்காரர் பேர் போட்டு இருந்தா அத ஏத்துக்க மாட்டாங்க, உங்கள பொதுப்பிரிவுல வச்சு பாத்துடுவாங்க, எம்பிசிக்கு இருக்கற 20 சதவீதத்துல உங்க பேர் இல்லாம போயிடும், அந்த ரேங்குக்கு பொதுப்பிரிவுல சீட்டு வருமா வராதான்னு உங்களுக்கே தெரியும். வீட்ல டிரங்குப் பெட்டிய கிளறுங்க, ஸ்கூல் படிக்கறப்போ அப்பா பேர்ல எடுத்த பழைய அட்டை இருந்தா அதுவே போதும், அதுக்கு காலாவதி கிடையாது. இல்லன்னா இன்னிக்கே இ-சேவைல போடுங்க, தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரணும். லெட்டர்ல சொன்ன தேதிக்குள்ள அப்லோடும் ஒரிஜினலும் ரெடியா இருக்கணும்.

தமிழ் மீடியத்துக்கு டென்த் தகுதின்னா ஒண்ணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் முழுக்க தமிழ் மீடியத்துல படிச்சிருக்கணும், 2020ல திருத்தினதுல இருந்து. ரெண்டு ஸ்கூல் மாறியிருந்தா ரெண்டுலயும் அதுக்கு சர்டிபிகேட் வாங்கணும், பிரைவேட்டா எழுதி பாஸ் பண்ணினவங்களுக்கு கிடையாது. இதுல வடசென்னைக்காரங்க நிறைய பேர் மாட்டறது எங்கன்னா ஸ்கூல் மூடிட்டாங்க, இல்ல வேற ஸ்கூலோட சேத்துட்டாங்க. சேத்திருந்தா ரெக்கார்டு எந்த ஸ்கூலுக்கு போச்சோ அங்க இருக்கற எச்எம் கையெழுத்து போடுவார், அட்மிஷன் ரிஜிஸ்டர பாத்து. ஒரேடியா மூடிட்டாங்கன்னா எச்எம் இல்லையேன்னு அழுதுட்டு உக்காராதீங்க, மாவட்டக் கல்வி அலுவலரோ முதன்மைக் கல்வி அலுவலரோ கையெழுத்து போடலாம்னு அந்த படிவத்துலயே இருக்கு, டிசியோ மார்க்‌ஷீட்டோ எடுத்துட்டு போய் கேளுங்க. ரிஜிஸ்டர் கிடைக்கலன்னு கிளார்க் திருப்பி அனுப்பினா வாயால சொன்னத நம்பி வராதீங்க, மனுவா எழுதிக் குடுத்து ரசீது சீல் வாங்குங்க, சீல் வச்சிட்டா ரிஜிஸ்டர் தானா கிடைக்கும். கடைல விக்கிற பழைய படிவத்துல வாங்காதீங்க, டிஎன்பிஎஸ்சி வெப்சைட்ல இருக்கற மாதிரியிலயே வேணும்.

சென்னை கிடைக்குமான்னா, அது ரேங்கப் பொறுத்தது, நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா சென்னைன்னா கலெக்டர் ஆபீஸ் மட்டும்னு நினைச்சிட்டு போகாதீங்க, எழிலகம், பனகல் மாளிகைன்னு துறைத் தலைமை ஆபீஸ் எத்தனை இருக்கு, அந்தத் துறை பேரெல்லாம் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதி வச்சுக்கோங்க, ஸ்கிரீன பாத்ததும் யோசிச்சிட்டு நிக்க டைம் இருக்காது. எடுத்த இடத்த அப்புறம் மாத்த முடியாது. கூப்பிட்ட நாள் போகலன்னா வாய்ப்பு போச்சு. காலி இடத்த விட அதிகமா ஆள் கூப்பிடுவாங்க, அதனால லெட்டர் வந்ததையே வேலை கிடைச்ச மாதிரி சொந்தக்காரங்ககிட்ட சொல்லாதீங்க.

இந்த புரோக்கருங்க எங்க இருந்து முளைக்கறாங்கன்னா இந்த அமைப்போட மௌனத்துல இருந்து தான். 2022 ஜூலை 24 குரூப் 4 எழுதினவங்களுக்கு 2023 மார்ச் 24ல ரிசல்ட், 18 லட்சத்துக்கு மேல எழுதினாங்க, எட்டு மாசம் அத்தன குடும்பமும் வாட்ஸ்அப் வதந்திய படிச்சிட்டு உக்காந்திருந்தது. 2024ல அஞ்சு மாசத்துக்குள்ள குடுத்தாங்களே, அப்போ முடியும்ல? காலியிடம் நடுவுல ஏறுது, எதனால ஏறுச்சுன்னு ஒரு வரி சாமானியனுக்கு புரியற மாதிரி எழுத மாட்டாங்க. அறிவிக்கைய படிச்சா வக்கீலுக்கே தலை சுத்தும். 1929லயே இந்த நாட்டுக்கு முன்னோடியா மெட்ராஸ்ல சர்வீஸ் கமிஷன் ஆரம்பிச்சோம்னு பெருமை வேற.

உங்க 20,000க்கு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. வேப்பேரி கமிஷனர் ஆபீஸ்ல மத்திய குற்றப்பிரிவுல வேலை மோசடிக்குன்னே தனி விங் இருக்கு, அங்க எழுதிக் குடுங்க, 7 நாள் கணக்க மனசுல வச்சு சீக்கிரம் போங்க. முழுசா திரும்ப வருமான்னா அது கஷ்டம் தான். ஓடிஆர், அதான் டிஎன்பிஎஸ்சி வெப்சைட்ல நீங்க பதிவு பண்ணின கணக்கு, அந்த பாஸ்வேர்ட அவன்கிட்ட சொல்லியிருந்தா இப்பவே மாத்துங்க, மொபைல் நம்பர் உங்களது தானான்னும் பாருங்க. டென்த் ஒரிஜினல் மார்க்‌ஷீட் "வெரிபிகேஷனுக்கு" அவன் கைல இருந்தா காச விட அத முதல்ல வாங்குங்க, கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க, டூப்ளிகேட் எடுக்க கவுன்சிலிங் தேதி காத்திருக்காது.