ருபீடியம் பெட்டி பேச மறுத்தால்: திருகோணமலை கேள்வி பதில்

நிலாவெளி: எஃப்ஈ-5680ஏ வாங்கினேன் அண்ணா, துல்லியமான அலைவெண் தரும் ருபீடியம் ஆசிலேட்டர் பெட்டி. 10 மெகாஹெர்ட்ஸ் சுத்தமாக வருகிறது. சீரியல் கேபிளைச் செருகினால் ஓர் எழுத்தும் வரவில்லை. பழுதா?

பழுதில்லை தம்பி, முதலில் கேபிளைக் கழற்றுங்கள். ஒன்பது பின் இருந்தால் அது கம்ப்யூட்டர் போர்ட் ஆகிவிடாது. இதில் வழக்கமாக 1ஆம் பின் 15 வோல்ட் சப்ளை, 3 லாக் சிக்னல், அதாவது அலைவெண் நிலைபெற்றதா என்று சொல்வது. சீரியல் 8இலும் 9இலும் இருக்கும். கம்ப்யூட்டர் பேசுவதோ 2, 3இல். நீங்கள் அனுப்பியதெல்லாம் லாக் பின்னில் போய் முட்டியிருக்கிறது.

தனியாக மூன்று வயர் இழுங்கள். இணைக்கும் முன், கிரவுண்டுக்கும் 9க்கும் மீட்டர் வையுங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் காட்டினால் ஆர்எஸ்-232, கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டின் மின்னழுத்த முறை. பிளஸ் 3.3 அல்லது 5 காட்டினால் டிடிஎல், சிப்புகளுக்குள் ஓடும் முறை; அதற்கு இடையில் மேக்ஸ்232 என்ற மாற்றி சிப் வேண்டும். அப்புறம் சீரியல் வேகத்தை 9600 என்று வையுங்கள். நாம் கட்டளை அனுப்பிக் கேட்டால்தான் இந்தப் பெட்டி பதில் சொல்லும். டெர்மினலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தால் விடியும் வரை மௌனம்தான்.

கிண்ணியா: என்னிடம் இருப்பது தண்டர்போல்ட், ஜிபிஎஸ் பார்த்து அலைவெண்ணைச் சரிசெய்யும் பெட்டி. அதில் வெறும் குப்பை எழுத்து. எல்லா வேகமும் பார்த்துவிட்டேன்.

குப்பை இல்லை, பைனரி. 9600இல், அதைப் படித்துக் காட்டும் லேடி ஹெதர் மென்பொருளில் திறவுங்கள்.

கிண்ணியா: திறந்தேன். தேதி இருபது வருடம் பின்னால் நிற்கிறது!

ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரைதான் எண்ணும், பிறகு முதலிலிருந்து தொடங்கும். தண்டர்போல்ட்டின் தேதி 2017 ஜூலை 30இல் அப்படித் திரும்பிவிட்டது. அலைவெண் கெடாது.

மூதூர்: டிடிஎல்லுக்கு மேக்ஸ்232 எதற்கு? ஒரு ரெசிஸ்டர் போதும்.

போதாது. டிடிஎல் ஓய்வில் மேலே நிற்கும், ஆர்எஸ்-232 கீழே நிற்கும். ஒன்று மற்றதன் தலைகீழ். நேரே இணைத்தால் எந்த வேகத்திலும் குப்பைதான்.

மூதூர்: எனக்கு வேலை செய்ததே அண்ணா!

மைக்ரோகண்ட்ரோலரில் மென்பொருளே சிக்னலைத் தலைகீழாக்கி அனுப்பியிருக்கும். அதற்குச் சரி. பழைய ஆசிலேட்டர் அப்படித் தலைகீழாக்கித் தராது. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

உப்புவெளி: மாரி தொடங்கியதும் சீரியல் எழுத்து விட்டு விட்டு வருகிறது.

கனெக்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் 9ஆம் பின்னின் அடியில் பச்சைத் தூள் கட்டியிருந்தது. தொட்டதும் வயர் கையோடு வந்தது. கடல் காற்று. ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்து, புதிதாக ஈயம் வைத்தேன். அதோடு நின்றது.

மூதூர்: அளந்தேன். பிளஸ் 5.

சரி, மேக்ஸ்232 போடுங்கள்.

லிங்கநகர்: ஐயா, எனக்கும் ஓர் எழுத்தும் வரவில்லை. ஒன்பது பின் கேபிள்தான்...

முதல் பதிலைப் பாருங்கள். அதற்கு முன் கேபிளைக் கழற்றுங்கள்.