ஃபாரடேயின் பணிவையும் இறைநம்பிக்கையையும் ஒரு சோதனை வழியாகக் காட்ட முடியுமா?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்கு மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்சாரம் பிறப்பது, நடத்தும்போது, அதைக் கண்டறிந்த ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே பணிவானவர், பக்தியானவர் என்றால் பிள்ளைகள் காதில் ஏறுவதில்லை. அதைச் சோதனையிலேயே காட்ட வழி உண்டா?

தாராளமாகக் காட்டலாம். சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்தின் தலைவர் பதவியையும் மறுத்ததை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுங்கள். ஆசைப்பட்ட விடை வராதபோது, வரவில்லை என்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தாரே, அவருடைய பணிவு அங்கேதான் இருக்கிறது.

0.3 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பி 9 மீட்டர் போதும். சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 20 மி.மீ. பிவிசி குழாயில் 100 சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். எனாமல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மின்சாரம் பாயாமல் போகலாம். பெரும்பாலும் சோதனை படுத்துவிடுவது இங்கேதான். முனைகளை நடுவில் பூஜ்யம் உள்ள கால்வனாமீட்டரில் (சிறு மின்னோட்டத்தையும் முள் அசைந்து காட்டும் கருவி) இணையுங்கள். சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் வேண்டாம். அது நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும், கணநேரத் துடிப்பைத் தவறவிட்டுவிடும். மீட்டர் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் காந்தமே முள்ளை நேராக இழுத்து உங்களை ஏமாற்றும்.

இப்போது 12 மி.மீ. நியோடிமியம் காந்தத்தைக் குழாய்க்குள் வைத்து, அசையாமல் விடுங்கள். முள் நகராது. ஒரு நிமிடம் அப்படியே பார்க்கச் சொல்லி, கண்டதை எழுதச் சொல்லுங்கள். அவசரப்பட்டு விளக்க வேண்டாம். 1825இல் ஒரு கம்பியில் தொடர்ந்து மின்னோட்டம் விட்டு, பக்கத்துக் கம்பியில் ஏதாவது வருமா என்று பார்த்த ஃபாரடேக்கும் இதே வெறுமைதான் கிடைத்தது. தொடர்ந்து பாய்ந்தால் தொடர்ந்து கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே கண்ணை மறைத்தது.

பிறகு காந்தத்தைச் சட்டென்று உருவுங்கள். முள் துள்ளும், உள்ளே தள்ளினால் எதிர்ப்பக்கம் துள்ளும். 1831 ஆகஸ்ட் 29இல், 6 அங்குல இரும்பு வளையத்தில் சுற்றிய இரு சுருள்களில் ஒன்றை பேட்டரியுடன் இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டும், 3 அடி தள்ளியிருந்த காந்த ஊசி அசைந்ததை அவர் கவனித்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துப் பார்த்தது அக்டோபர் 17இல்.

இறைநம்பிக்கைக்கு வருவோம். சாண்டிமேனியர் என்ற சிறு கிறிஸ்தவச் சபையில் 1840இல் அவர் மூப்பரானார். விசைகள் எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே என்ற எண்ணம் அவரிடம் ஊறிப்போயிருந்தது. அதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு வேர் என்பது என் கருத்து. அந்த எண்ணத்தோடுதான் 1849இல் புவியீர்ப்பிலிருந்து மின்சாரம் வருமா என்று தேடினார். 'இதெல்லாம் கனவு, இருந்தாலும் சில சோதனைகளால் ஆராய்ந்து பார்' என்பது அவர் தனக்கே எழுதிக்கொண்ட குறிப்பு. விடை வரவில்லை. தொடர்பு இருக்கிறது என்ற உணர்வு அசையவில்லை, ஆனால் நிரூபணம் இல்லை என்று இரண்டையும் சேர்த்தே அறிவித்தார். இந்தப் பகுதியை வகுப்பில் அவசியம் வாசித்துக் காட்டுங்கள்.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. 1843இல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, கட்டாபெர்ச்சா என்ற, ரப்பர் போன்ற மரப்பால் பொருளின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தை எவ்வளவு நன்றாகத் தடுக்கிறது என்று ஃபாரடே சோதித்து 1848இல் எழுதினார். பின்னாளில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது அந்தப் பொருள்தான்.