நோய் இல்லாத குழந்தைக்குப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பிறகு மருத்துவரிடம் காட்டவில்லை. பெரிதாக நோய் எதுவும் வந்ததில்லை. சோறு கொஞ்சம்தான் சாப்பிடுவான், பால் ஒரு லிட்டர் வரை குடிப்பான். பேச்சு இன்னும் வரவில்லை. அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். நோயில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும் என்கிறார் மாமியார். பரிசோதனை அவசியமா? – ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: அவசியம். இந்த வாரமே கூட்டிப்போங்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் பேச்சும் பாலும்தான் என்னை அவசரப்படுத்துகின்றன.

ஒன்றரை வயதுக் குழந்தை ‘அம்மா’, ‘அப்பா’ தவிர மூன்று சொற்களாவது சொல்ல முயல வேண்டும். பிடித்ததை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு சொல்லும் வரவில்லை என்றால் முதலில் காதைத்தான் சோதிக்க வேண்டும். ‘தட்டைத் தட்டினால் திரும்புகிறானே’ என்று பெற்றோர் சொல்வதுண்டு. பலத்த ஓசை கேட்கும் குழந்தைக்கும் பேச்சொலி தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். அதிர்வை உணர்ந்தோ உங்கள் நிழலைக் கண்டோகூடத் திரும்புவான். எனவே வீட்டுச் சோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள். ஓஏஇ, பெரா என்னும் செவிச் சோதனைகளில் வலி இல்லை; பெராவைக் குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். பிறவிச் செவிக்குறையை மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவதுதான் மருத்துவ உலகின் இலக்கு. மொழியைக் கற்கும் ஆற்றல் முதல் சில ஆண்டுகளில் உச்சத்தில் இருப்பதே காரணம். தாமதமாகப் பேசி நன்றாக வளர்ந்தவர்கள் உண்டு, உங்கள் மாமியார் சொல்வதில் பொய்யில்லை. உங்கள் மகனும் அப்படித்தானா என்பதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டாம். பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கிறானா, மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுகிறானா என்றும் மருத்துவர் கேட்பார். ஆட்டிசம் அறிகுறிகளுக்கான வினாப்பட்டியலை 18, 24 மாதங்களில் பயன்படுத்துவது வழக்கம்.

அடுத்தது பால். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு லிட்டர் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடமும் இருக்காது. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் இதனால் ரத்தசோகை வரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இவர்களில் பெரும்பாலோர் ஓடியாடித் திரிபவர்கள்தான். ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். பாலை 400-500 மில்லியாகக் குறையுங்கள்; முட்டை, ஈரல், கேழ்வரகு, கீரையோடு பருப்பு எனக் கொடுங்கள். வாரம் இருமுறை ஒரு மில்லி தரப்படும் இரும்புச்சத்து சிரப் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடையில் கேட்டு டானிக் வாங்கி ஊற்றாதீர்கள்.

தடுப்பூசியும் முடிந்துவிடவில்லை. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர், போலியோ பூஸ்டர் ஆகியவை 16 முதல் 24 மாதங்களுக்குள் உரியவை. வைட்டமின் ஏ திரவத்தை ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மாத்திரையும் உண்டு. இரண்டு வயதுவரை பாதி அளவு, பொடித்துக் கொடுக்க வேண்டும்.

எடையை ஒருமுறை பார்த்து ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்பதே முக்கியம். இரண்டாவது வயதில் எடை ஏறும் வேகம் இயல்பாகவே குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் கோடு அசையாவிட்டால் காரணம் தேட வேண்டும். பல்லையும் இப்போதே ஒரு பல் மருத்துவரிடம் காட்டலாம். மாறுகண் தெரிந்தாலோ, புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வெள்ளை ஒளி கண் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

செலவுக்கு யோசித்தால், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். அவர்கள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பேச்சு, செவி, வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். போகும்போது தடுப்பூசி அட்டையோடு, மகன் வீட்டில் விளையாடும் இரண்டு நிமிடக் காணொளியைக் கைப்பேசியில் எடுத்துச்செல்லுங்கள். புது இடத்தில் குழந்தைகள் அழுது முகம் திருப்பிக்கொள்வார்கள். மருத்துவருக்கு அந்தக் காணொளி மிகவும் உதவும்.