அச்சிட்ட படத்தில் தூரிகைக்கும் இடம் விடுங்கள்

கேள்வி: பல வருடங்களாக அக்ரிலிக்கில் வரைகிறேன். இப்போது டேப்லெட்டில் வரைந்து முடித்த படத்தை கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் வண்ணம் தீட்டிப் பார்க்கிறேன். மீடியம் (வண்ணத்தோடு சேர்க்கும் நிறமற்ற அக்ரிலிக் பசை) தடவியதும் சில பிரிண்ட்களில் மை கரைந்து பரவிவிடுகிறது. கரையாதவற்றிலும் நான் தீட்டிய இடம் மட்டும் ஒட்டவைத்தது போல் தனியாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மை கரைவதை முதலில் பார்த்துவிடுவோம். இங்க்ஜெட் மையில் சாய மை, நிறமி மை என்று இரண்டு வகை உண்டு. சாய மை தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் அக்ரிலிக் மீடியத்தில் உள்ள ஈரம் பட்டதும் இளகி ஓடும். நிறமி மையில் நுண்ணிய துகள்கள் பரப்பின் மேற்பூச்சில் தங்கிவிடுவதால் அது அவ்வளவு சுலபமாக நகராது. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால், பிரிண்டின் ஓரத்தில் ஈரமான பஞ்சுக்குச்சியை வைத்து லேசாகத் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதன் மேல் நேரடியாகத் தூரிகை வைக்க முடியாது.

அப்படிப்பட்ட பிரிண்டை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தண்ணீர் கலக்காத, கரைப்பானில் செய்த வார்னிஷ் ஸ்ப்ரேயை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. பளபளப்பு வகையே நல்லது. பளபளப்பில்லாத மேட் வகை பூச்சு ஏற ஏறக் கருமையான இடங்களை மங்கலாக்கும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஆவியை வடிகட்டும் முகமூடி அணிந்து அடியுங்கள். ஆனாலும், பிறருக்குக் கொடுக்கப்போகும் படத்துக்குச் சாய மை வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தில் அது சீக்கிரம் வெளுக்கும். மேலே இருக்கும் நல்ல அக்ரிலிக் வெளுக்காது. சில வருடங்களில் படத்தின் ஒரு பாதி மட்டும் வயதாகியிருக்கும்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ‘வரைந்து முடித்த படம்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிந்துபோன படத்தில் தூரிகைக்கு என்ன வேலை மிச்சம் இருக்கும்? பிரிண்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் மேலேயே அதையே திரும்பத் தீட்டுகிறீர்கள். அதனால்தான் அது ஒட்டுப்போட்டது போல் தெரிகிறது. பிரிண்ட் எதைச் செய்யும், வண்ணம் எதைச் செய்யும் என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதைத் தெளிவாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஹரால்ட் கோஹன் என்ற ஓவியர் 1970களில் ஆரோன் என்ற வரையும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். பல வருடங்கள் வரை கோடு போடுவது மட்டுமே அதன் வேலை. வண்ணம் தீட்டியது கோஹனின் கை. ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வேறு வழியில் போனார். பெரிய ஓவியங்களில் வண்ணத்தை இழுத்துப் பரப்பப் பயன்படுத்திய பட்டையில் மிஞ்சிய ஈர எண்ணெய் வண்ணத்தில், கடையில் பிரிண்ட் போட்ட தன் சாதாரணப் புகைப்படங்களை வைத்து இழுத்தெடுத்தார். வண்ணம் அங்கே புகைப்படத்தை அலங்கரிக்கவில்லை, பாதியை மறைத்தது. பிரிண்டை மறைக்கத் துணிவதுதான் இந்த ஊடகத்தில் முதலில் வரவேண்டிய பழக்கம் என்பேன்.

சரி, நீங்கள் எப்படித் தொடங்குவது? இப்போது கையில் இருக்கும் ஒரு படத்தையே டேப்லெட்டில் திறந்து, லேயர்களை, அதாவது படத்தின் அடுக்குகளை, ஒவ்வொன்றாக அணையுங்கள். நிழல் விழும் இடங்களும் ஒன்றிரண்டு கோடுகளும் மட்டும் மிஞ்சும்வரை போங்கள். மிக அடர்ந்த கருமையையும் கொஞ்சம் தணித்து, சாம்பல் சாய்ந்த, வலுவில்லாத படமாக பிரிண்ட் எடுங்கள். ஒளி விழும் இடங்கள் வெறும் வெள்ளையாகவே இருக்கட்டும், அவற்றை நீங்கள் தீட்டும் வண்ணம் உருவாக்கும். திரையில் பார்க்கும்போது இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்காது, ஏதோ விட்டுப்போனது போல் இருக்கும். அப்படி இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிறத்திலும் இதே கணக்குதான். திரை ஒளியை உமிழ்கிறது, தாள் ஒளியைத் திருப்பித் தருகிறது. திரையில் மின்னும் சில பச்சைகளும் ஆரஞ்சுகளும் அச்சில் சோர்ந்துபோவது அதனால்தான். அச்சிடுபவரிடம் அவருடைய இயந்திரத்துக்கும் கேன்வாஸுக்குமான ஐசிசி புரொஃபைலை (அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கினால், எந்த நிறம் அடிபடும் என்று மென்பொருளிலேயே பார்க்கலாம். அடிபடும் நிறங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த இடங்களைக் காலியாக விட்டு ட்யூபிலிருந்து பிதுக்கிய நிறத்தைப் பூசுங்கள். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவையுங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகார் பெரும்பாலும் திரை அதிகப் பிரகாசமாக இருப்பதால் வருவது. ரிசொல்யூஷனுக்காக ரொம்பக் கவலைப்படவேண்டாம். மேலே தீட்டப்போகும் கேன்வாஸுக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும், அதாவது 60 செ.மீ. பக்கத்துக்குச் சுமார் 3,540 பிக்சல்.

ஒட்டவைத்தது போல் தெரிவதற்குப் பளபளப்பும் ஒரு காரணம். பிரிண்ட் மேட்டாகவும் அக்ரிலிக் மினுமினுப்பாகவும் இருந்தால் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஒவ்வொரு திட்டும் காட்டிக்கொடுக்கும். எல்லாம் காய்ந்ததும் முழுப்படத்தின் மேலும் நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தை ஒரே சீராகப் பூசி, அதன் மேல் வார்னிஷ் போட்டால் பரப்பு ஒன்றாகிவிடும்.

அப்புறம், பிரிண்டின் மேல்தான் தீட்டவேண்டும் என்று விதி ஏதுமில்லை. தீட்டிய கேன்வாஸுக்குள் பிரிண்டைக் கொண்டுவரலாம். படத்தை இடவலம் திருப்பி, லேசர் பிரிண்டரில் சாதாரணத் தாளில் எடுங்கள். டோனர் பிளாஸ்டிக் சேர்ந்த தூள் என்பதால் தண்ணீருக்குக் கரையாது. காய்ந்த அக்ரிலிக் பரப்பில் ஜெல் மீடியத்தைச் சீராகத் தடவி, தாளைக் குப்புற ஒட்டி, காற்றுக்குமிழி போக அழுத்தி, இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் ஸ்பாஞ்சால் தாளை நனைத்து விரல் நுனியால் உருட்டினால் தாள் சின்னச் சின்னத் திரிகளாகச் சுருண்டு வரும். படம் ஜெல்லிலேயே தங்கும். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தது காய்ந்ததும் வெள்ளையாக மூடும். மிஞ்சிய தாள் நார்தான் அது. பொறுமையாக மறுபடி நனைத்துத் தேயுங்கள். கடைசியில் ஒரு கை மீடியம் பூசினால் மீதி நாரும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். அங்கங்கே கிழிந்து போகும் இடங்களைத் திருத்தாதீர்கள், உங்கள் தூரிகை நுழையவேண்டிய இடங்கள் அவை.

டேப்லெட்டையும் தொடக்கத்தில் மட்டும் பயன்படுத்தி ஒதுக்கிவிடவேண்டாம். பாதி தீட்டிய கேன்வாஸை நேர் எதிரே நின்று படமெடுத்து, டேப்லெட்டில் அதன் மேல் ஒரு லேயரில் அடுத்த அடியை வரைந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். கேன்வாஸில் கை வைக்கப் பயந்து நின்றுபோன எத்தனையோ படங்களை இந்த ஒரு வழக்கம் நகர்த்திவிடும்.

படம் முடிந்ததும் பின்பக்கத்தில் ‘கேன்வாஸில் நிறமி மை அச்சு, அக்ரிலிக்’ என்று ஊடகத்தை முழுசாக எழுதுங்கள். ஒரே கோப்பிலிருந்து பல பிரிண்ட் எடுத்துத் தனித்தனியாகத் தீட்டுவதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். முதல் முயற்சிக்கு ஏ4 அளவு போதும். மெலிதாக்கிய ஒரே படத்தை நான்கு பிரிண்ட் எடுத்து, ஒன்றில் கால்வாசியையும் கடைசியில் முக்கால்வாசியையும் வண்ணத்தால் மறைத்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்பது அப்போது தெரியும். பெரிய கேன்வாஸை அதன் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.