சுடோகுவுக்கு இரண்டு விடை வருவது ஏன்?

உங்கள் நிரல் உருவாக்கும் சுடோகுவில் சிலவற்றுக்கு இரண்டு விடைகள் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். முழுதும் நிரம்பிய சுடோகுவிலிருந்து ஒவ்வோர் எண்ணை நீக்கியதும், புதிரைத் தீர்த்துப் பார்க்கும் நிரல்பகுதியான சால்வரை (solver) அழைக்கிறீர்கள், சரி. ஆனால் அது முதல் விடையோடு நின்றுவிடுகிறது. விடை இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஒன்றுதானா என்று பார்க்கப் போதாது. இரண்டாவது விடையையும் தேட விடுங்கள். கிடைத்தால் உடனே நிறுத்தி, நீக்கிய எண்ணைத் திரும்ப வைத்துவிட்டு வேறு கட்டத்துக்குப் போங்கள்.

அப்புறம், தொடக்கத்தில் 15 எண்கள் மட்டுமே தரப்பட்ட புதிர் கேட்கிறீர்கள். அது நடக்காது. 9×9 சுடோகுவுக்கு ஒரே விடை அமையக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று 2012-இல் கணினி கொண்டே நிரூபித்துவிட்டார்கள். 25 எண்கள் வாக்கில் மீதமிருக்கும்போது நீக்குவதை நிறுத்தினாலே நல்ல புதிர் கிடைக்கும். வேகம் போதவில்லையென்றால், மிகக் குறைவான எண்களே பொருந்தும் கட்டத்தை முதலில் நிரப்பும்படி சால்வருக்குச் சொல்லுங்கள்.