கணவர் குவைத்தில், வரித்துறை நோட்டீஸ் மனைவிக்கு: அவகாசம் உண்டா?

உண்டு. கணவர் அமெரிக்க ராணுவப் பணியில் குவைத்தில் இருப்பதால் அவருக்குக் கிடைக்கும் போர்ப்பகுதி அவகாசம் (போர்ப்பகுதியில் பணியாற்றுவோருக்கு வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவும் வரி கட்டவும் தரப்படும் கூடுதல் காலம்) உங்களுக்கும் சேரும். சேர்ந்து தாக்கல் செய்தாலும் தனித்தனியாகச் செய்தாலும் சரி, நீங்கள் அமெரிக்காவிலேயே இருந்தாலும் சரி.

அவர் அங்கிருந்து கிளம்பிய பிறகு 180 நாள். அதோடு, அவர் போர்ப்பகுதிக்குள் போனபோது வழக்கமான கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு மீதமிருந்த நாள்களும் கூடும். மார்ச் 1-ல் போயிருந்தால் 46 நாள் மீதம், ஆக மொத்தம் 226. அந்தக் காலத்துக்கு அபராதமோ வட்டியோ கிடையாது.

பிறகு ஏன் அபராத நோட்டீஸ்? பெரும்பாலும் அவர் போன விவரம் ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) கணக்கில் பதிவாகியிருக்காது. அவருடைய டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் 12-ஆம் கட்டத்தைப் பாருங்கள். 'க்யூ' என்ற எழுத்தும் ஒரு தொகையும் இருந்தால் அது போர்ப்பகுதிச் சம்பளம், நல்ல சான்று. நோட்டீஸின் மேலேயே 'காம்பட் ஸோன்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் போன தேதியையும் குறித்து அதே முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள். தயவுசெய்து பயந்துபோய் அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள்.

கூட்டுத் தாக்கலுக்கு அவர் கையெழுத்து கிடைக்காவிட்டால், அவர் போர்ப்பகுதியில் இருக்கிறார் என்று ஒரு விளக்கக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திட்டு இணைத்து, அவருக்காகவும் நீங்களே கையெழுத்திடலாம்.

ஒரு எச்சரிக்கை: இது மத்திய வரிக்கு மட்டும். மாநில வரிக்கு விதி வேறாக இருக்கலாம், தனியாக விசாரியுங்கள். அப்புறம், அவரை ஜெர்மனி, ஜப்பான் போன்ற இடத்துக்கு மாற்றி அங்கே வழக்கமான பணி என்றால் கதை வேறு: ஜூன் 15 வரைதான் அவகாசம், பாக்கி வரிக்கு ஏப்ரல் 15 முதலே வட்டி ஓடும்.