அழித்த 60 ஜிபி எங்கே ஒளிந்திருக்கிறது? டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட்களைக் கையாளும் முறை

கேள்வி: என் மடிக்கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 22-ஐ பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் நிறுவியிருக்கிறேன். டைம்ஷிஃப்ட் செயலி தினமும் ஸ்னாப்ஷாட் (கணினியின் அந்த நேரத்து நிலைப் பதிவு) எடுக்கிறது. என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ‘@ஹோம்’ பகுதியையும் சேர்க்கச் சொல்லி டிக் செய்திருக்கிறேன். டிஸ்க் நிறைந்துவிட்டதால் 60 ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். காலியிடம் கூடவே இல்லை. டைம்ஷிஃப்ட் பட்டியலில் ‘அன்ஷேர்ட்’ என்ற பத்தியில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் 200, 300 எம்பிதான் காட்டுகிறது. இதற்கிடையில், இரண்டு நாள் முன்பு செய்த அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை வேலை செய்யவில்லை. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இந்த வாரம் தட்டச்சு செய்த ஆவணங்கள் போய்விடுமா?

பதில்: முதலில் வைஃபையைச் சரிசெய்யுங்கள், இடத்தைப் பிறகு மீட்கலாம். இந்த வரிசை மாறக் கூடாது. இடத்துக்காக இப்போதே ஸ்னாப்ஷாட்களை அழித்துவிட்டால், வைஃபை ஓடிக்கொண்டிருந்த நிலைக்குத் திரும்ப வழியே இருக்காது.

உங்கள் 60 ஜிபி அந்த ஸ்னாப்ஷாட்களுக்குள்தான் இருக்கிறது. ‘அன்ஷேர்ட்’ பத்தி காட்டும் 200 எம்பியும் சரியான கணக்குதான். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், மீதி வேலை எளிது.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கோப்புகள் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. டிஸ்க்கில் கிடக்கும் அதே தரவுத் துண்டுகளுக்கு இன்னொரு உரிமையாளர் சேர்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் ஓரிரு நொடியில் எடுத்து முடிகிறது. நீங்கள் ஒரு வீடியோவை அழிக்கும்போது உங்கள் பெயர் மட்டுமே நீங்குகிறது. ஸ்னாப்ஷாட்களின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. கூட்டுப் பட்டா நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பெயரில் இருக்கும் நிலத்தில் ஒருவர் விலகினால் நிலம் காலியாகிவிடாது. கடைசிப் பெயரும் நீங்க வேண்டும்.

‘அன்ஷேர்ட்’ பத்தி, அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே சொந்தமான அளவைக் காட்டுகிறது. உங்கள் வீடியோக்கள் ஐந்து தினசரி ஸ்னாப்ஷாட்களிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை எந்த ஒன்றுக்கும் தனிச் சொத்து இல்லை. ஆகவே எந்த வரியிலும் அந்த 60 ஜிபி தெரியாது; ஐந்து வரிகளையும் கூட்டினாலும் தெரியாது. நான்கு ஸ்னாப்ஷாட்களை அழித்தால் ஒரு ஜிபி அளவுக்குத்தான் கிடைக்கும். ஐந்தாவதை அழிக்கும்போதுதான் 60 ஜிபியும் மொத்தமாகத் திரும்பும். பாதியில் ‘இதனால் பயனில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது வைஃபை. ஸ்னாப்ஷாட்டைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ போய், பட்டியலில் எண் குறைவாக இருக்கும் பழைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள்; ‘ரிகவரி மோட்’ என்று இருக்கும் வரி வேண்டாம். மெனு வராவிட்டால், தொடங்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டினால் வரும். பழைய கெர்னலில் வைஃபை ஓடினால் கோளாறு புதிய கெர்னலில்தான். அடுத்த கெர்னல் அப்டேட் வரும்வரை அதிலேயே ஓட்டலாம், ரீஸ்டோர் தேவையில்லை.

அதில் சரியாகவில்லையென்றால் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, அப்டேட்டுக்கு முந்தைய தேதியுள்ள வரியைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டோர்’ அழுத்துங்கள். உங்கள் ஸ்னாப்ஷாட்களில் @ஹோமும் இருப்பதால், ‘ரீஸ்டோர் @ஹோம் சப்வால்யூம்’ என்ற தேர்வு வரும். அதில் டிக் இருக்கவே கூடாது. உங்கள் கேள்விக்கான விடை இந்த ஒரு டிக்கில்தான் இருக்கிறது: டிக் இல்லாவிட்டால் ஆவணங்கள் இருந்தபடியே இருக்கும், டிக் இருந்தால் உங்கள் வீட்டுக் கோப்புறை முழுவதும் அந்தத் தேதிக்குப் போய்விடும்.

ரீஸ்டோரின்போது உள்ளே நடப்பது இதுதான். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ‘@’ சப்வால்யூம் (கணினி அமைப்பு இருக்கும் பகுதி), டைம்ஷிஃப்ட்டின் கோப்புறைக்குள் நகர்த்தப்படுகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிய ‘@’ ஒன்று உருவாகிறது. ஆனால் மறுதொடக்கம் செய்யும்வரை கணினி பழையதிலேயே ஓடும். இடைப்பட்ட நேரத்தில் மென்பொருள் நிறுவினாலோ அமைப்புகளை மாற்றினாலோ அவை பழையதற்குள்தான் எழுதப்படும். மறுதொடக்கத்துக்குப் பிறகு காணாமல் போகும். ஆகவே ரீஸ்டோர் முடிந்ததும் வேறெதுவும் செய்யாமல் உடனே மறுதொடக்கம் செய்யுங்கள். பட்டியலில் ‘பிஃபோர் ரீஸ்டோரிங்’ என்று தொடங்கும் குறிப்போடு ஒரு புதிய வரி வந்திருக்கும். நகர்த்திவைக்கப்பட்ட உங்கள் பழைய கணினி அதுதான். ரீஸ்டோர் தவறாகப் போனால் அதே வரியை ரீஸ்டோர் செய்து இன்றைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கை: ‘@’ என்பது கணினி நிரல்கள் மட்டும் இல்லை. ‘வார்’ (/var) கோப்புறையும் அதற்குள்தான். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் தங்கள் தரவை அங்கேதான் வைக்கின்றன. உள்ளூர் இணைய சேவையகத்தின் பக்கங்களும், விர்ட் மேனேஜரின் மெய்நிகர் கணினிகளும் வழக்கமாக அங்கேதான். கடைக் கணக்கு மென்பொருள் ஏதாவது உள்ளூர் தரவுத்தளத்தில் ஓடினால், ரீஸ்டோர் அதையும் பழைய தேதிக்குக் கொண்டுபோய்விடும். அப்படி ஏதும் இருந்தால் முதலில் அதன் தரவை ஏற்றுமதி செய்து வெளி டிஸ்க்கில் வையுங்கள்.

நிறுவும்போது முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அப்போது கெர்னல் இருக்கும் ‘பூட்’ (/boot) தனிப் பார்ட்டிஷனாக, பெரும்பாலும் இஎக்ஸ்டி4 என்ற வேறு கோப்பு முறைமையில் இருக்கும்; ஸ்னாப்ஷாட்டில் அது சேராது. ரீஸ்டோருக்குப் பின் புதிய கெர்னல் அங்கேயே நிற்கும். அதற்கான டிரைவர் தொகுதிகள் மட்டும் ‘@’-இலிருந்து போயிருக்கும். கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத்தான் நுழைய வேண்டும்.

கணினி தொடங்கவே மறுத்தாலும் கவலை வேண்டாம். மின்ட்டின் லைவ் யுஎஸ்பியில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. அதில் ‘பிடிஆர்எஃப்எஸ்’ வகையைத் தேர்ந்தெடுத்து, உங்கள் டிஸ்க்கைக் காட்டினால் இதே பட்டியல் வரும்.

வைஃபை ஓடுகிறது, ஆவணங்கள் இருக்கின்றன என்று உறுதியான பின் இடத்துக்கு வருவோம். செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’ பக்கம் போய் @ஹோம் டிக்கை எடுத்துவிடுங்கள். தினமும் மாறும் சொந்தக் கோப்புகளைக் கணினி ஸ்னாப்ஷாட்டோடு கட்டிப்போடுவது தவறான ஏற்பாடு. இடம் திரும்பாததற்கும், ஆவணங்கள் போய்விடுமோ என்ற பயத்துக்கும் அதுதான் வேர். பிறகு ‘கிரியேட்’ அழுத்திப் புதிய ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து, அதன் குறிப்புப் பத்தியில் ‘வைஃபை சரியாக ஓடும் நிலை’ என்று எழுதிவையுங்கள். இது @ மட்டுமே கொண்டது. அதன்பின், கடைசிப் பத்தியில் சொல்லும் வீடியோ சோதனையை முடித்துவிட்டு, @ஹோம் சேர்ந்திருக்கும் பழைய வரிகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘டெலிட்’ கொடுங்கள். எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து ரீஸ்டோர் செய்தீர்களோ அதையும் அழிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கணினி அதை நம்பி இல்லை.

அழிப்பதை டைம்ஷிஃப்ட் வழியாகவே செய்யுங்கள். கோப்பு மேலாளரை ரூட் (நிர்வாகி) உரிமையோடு திறந்து டைம்ஷிஃப்ட்டின் கோப்புறையில் கைவைக்காதீர்கள். அதே இடத்தில், அதே ‘@’ என்ற பெயரோடு உங்கள் ஓடும் கணினியும் இருக்கிறது. ஒரு படி மாறினால் கணினியே போய்விடும்.

அழித்த உடனே காலியிடம் கூடாது. பட்டியலிலிருந்து வரி மறைந்தாலும், துண்டுகளை விடுவிக்கும் வேலையை பிடிஆர்எஃப்எஸ் பின்னணியில் செய்கிறது. சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் கணினியை நிறுத்தினாலும் கெடுதல் இல்லை, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் கணக்கைச் சரியாகப் பார்க்க, டெர்மினலில் பிடிஆர்எஃப்எஸ் கருவியின் ‘ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ கட்டளையை ரூட் உரிமையோடு கொடுங்கள். அதில் ‘டிவைஸ் அன்அலொகேட்டட்’ (எதற்கும் ஒதுக்கப்படாத இடம்) என்ற வரியைக் கவனியுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்து, மெட்டாடேட்டாவும் (கோப்புகளைப் பற்றிய குறிப்புகளுக்கான இடம்) நிறைந்திருந்தால், காலியிடம் இருப்பதாகக் காட்டும்போதே ‘இடமில்லை’ என்ற பிழை வரும். அதற்கு மருந்து ‘பேலன்ஸ்’ கட்டளை. முழு பேலன்ஸ் மணிக்கணக்கில் ஓடும், தேவையும் இல்லை. தரவுக்கு மட்டும் ‘யூசேஜ் 10’ என்ற வடிகட்டியோடு ஓட்டினால், பத்து சதவீதத்துக்கும் குறைவாக நிரம்பிய தொகுதிகள் ஒன்றுசேர்ந்து இடம் விடுபடும்.

அட்டவணைக்கு, தினசரி 5, வாராந்தரம் 2 போதும். அடிக்கடி கணினியை அணைத்துப் போடுபவராக இருந்தால் கணினி தொடங்கும்போதெல்லாம் எடுக்கப்படும் ‘பூட்’ ஸ்னாப்ஷாட் வேண்டாம். ஒரே நாளில் அந்த வகை ஸ்னாப்ஷாட்கள் எல்லாம் சுழன்று முடிந்துவிடும். பெரிய அப்டேட்டுக்கு முன் கையால் ஒன்று எடுங்கள். ஆனால் கையால் எடுத்தவை பட்டியலில் ‘ஓ’ குறியோடு இருக்கும். டைம்ஷிஃப்ட் அவற்றைத் தானாக அழிப்பதே இல்லை. மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து நீங்கள்தான் களைய வேண்டும். ‘பிஃபோர் ரீஸ்டோரிங்’ வரியையும் ஒரு வாரம் வைத்திருந்து, பிரச்சினை இல்லை என்றால் அழித்துவிடுங்கள். ‘அன்ஷேர்ட்’ கணக்கைக் காட்டும் கியூகுரூப் வசதியால், ஸ்னாப்ஷாட்கள் அதிகமாக இருக்கும்போது, குறிப்பாக அழிக்கும் நேரத்தில், கணினி திணறும். திணறல் தெரிந்தால் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம். அளவுப் பத்தி மட்டும்தான் போகும்.

பிடிஆர்எஃப்எஸ் வகையில் ஸ்னாப்ஷாட்கள் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கும். வேறு டிஸ்க்கில் வைக்க டைம்ஷிஃப்ட் இடம் கொடுக்காது. எஸ்எஸ்டி பழுதானால் கணினியும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். ஆகவே ஆவணங்களுக்குத் தனியாக, மின்ட்டோடு வரும் ‘பேக்கப் டூல்’ மூலம் வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். உங்கள் கல்யாண வீடியோக்கள் இப்போது ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பழைய ஸ்னாப்ஷாட்களை அழிப்பதற்கு முன், அந்த டிஸ்க்கில் சில வீடியோக்களைத் திறந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஏதாவது பழுதாகியிருந்தால், டைம்ஷிஃப்ட்டில் ‘பிரௌஸ்’ அழுத்தி ஸ்னாப்ஷாட்டின் @ஹோமுக்குள் போய் மறுபடி நகலெடுத்துக்கொள்ளலாம். அழித்த பிறகு அந்த வாய்ப்பு கிடையாது.